பத்திரிகை வாங்கினார்கள், மீன் வாங்கவில்லை

எங்கள் ஊர் ஹெபிள்தார்ப் ஒருத்தியை ஒதுக்கி வைத்தால் கத்தாது, கல்லெறியாது. "வணக்கம் லொரெய்ன், இன்னிக்கு வெயில் கொஞ்சம் எட்டிப் பாக்குது போல" என்று சிரித்துவிட்டு, எதிர்ச் சாரியில் இருக்கும் ஹாரி கடைக்குப் போய் மீன் வாங்கும். இரண்டு வருஷம் எனக்கு அந்தச் சிரிப்புதான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், யார்க்‌ஷரில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டாமல் பொரித்த மீனும் சிப்ஸும் வாங்கித் தின்னும் நேரம், என் மீன் கடையில் பொரிக்கிற கொழுப்பு கொதித்துக்கொண்டிருக்கும், வாங்க ஆள் இருக்காது. ஹாரி கடை வரிசை தபாலாபீஸ் வரை நீளும். ஹாரியின் சிப்ஸ் நனைந்த அட்டை மாதிரி இருக்கும். அதையும் வாங்கித் தின்றார்கள் என்றால் என் மேல் எவ்வளவு கோபம் இருந்திருக்க வேண்டும், பாருங்கள்.

சொந்த அக்கா மகளின் துக்கத்தை நான் 'சண்டே ட்ரம்பெட்' என்ற மஞ்சள் பத்திரிகைக்கு விற்றேன் என்பது குற்றச்சாட்டு. அந்தச் செய்தியை இவர்கள் எங்கே படித்தார்கள்? அதே ட்ரம்பெட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை காசு கொடுத்து வாங்கி, கடைசி வரி வரை படித்து, ஸ்கார்பரோ கடற்கரையில் மலிவு விலைத் தங்கலுக்கான கூப்பனையும் கத்தரித்து வைத்துக்கொண்டு, அப்புறம் என்னைக் கரித்துக் கொட்டினார்கள். விற்றவள் பாவி, வாங்கியவர்கள் எல்லாரும் புனிதர்கள்.

அக்கா ஜானிஸின் மகள் கிர்ஸ்டி டிவி தொடரில் நர்ஸ் வேஷம் கட்டுபவள். நாட்டில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியும். ஐந்தாம் மாதத்தில் அவளுக்குக் கர்ப்பம் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரி நடைபாதையிலிருந்து ஜானிஸ் எனக்குப் போன் செய்தபோது நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். போன் பின்னறையில் கோட்டுப் பையில் கிடந்தது. கடை ஓய்ந்த பிறகுதான் அவள் விட்டிருந்த வாய்ஸ்மெயிலைக் கேட்டேன்.

"லொரெய்ன், எல்லாம் போச்சுடி. பொண்ணு அழவே மாட்டேங்கறா. ரெண்டு துண்டு டோஸ்ட் கேட்டா. தின்னுட்டு செவுத்தையே பாத்துட்டிருக்கா. எனக்கு பயமா இருக்குடி."

உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு மான்செஸ்டர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். யாரிடமும் சொல்லவில்லை, என் புருஷன் டெரெக்கிடம்கூட விவரமாகச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ட்ரம்பெட்டின் முதல் பக்கத்தில் கிர்ஸ்டி ஏதோ விருந்தில் பல் தெரியச் சிரிக்கும் படம். மேலே கொட்டை எழுத்தில்: 'குழந்தை போச்சு, டோஸ்ட் கொண்டா!' உள்ளே, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு டோஸ்ட் தின்றாள் என்று 'நெருங்கிய உறவினர் ஒருவர்' வேதனையோடு கூறினாராம். கல்நெஞ்சக்காரி என்று நாடே அந்தப் பெண்ணைப் பேசியது.

அந்த வாரக் கடைசியில், வெள்ளிக்கிழமை வரிசை வாசலைத் தாண்டி நின்ற நேரம், ஜானிஸ் வந்தாள். எப்போதும் பின்கதவு வழியாக வந்து, ஏப்ரன் கட்டி, பொட்டலம் மடித்துக் கொடுப்பவள். அன்றைக்கு முன்வாசல் வழியாக, எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்தாள்.

"டோஸ்ட் விஷயத்த நான் உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்."

"நான் யார்கிட்டயும் மூச்சு விடலக்கா."

"அப்ப அந்த டோஸ்ட் தானா நடந்து போயி பேப்பர்ல ஏறிக்கிச்சா? எவ்வளவுடி குடுத்தாங்க?"

முழங்கை வரை மாவோடு நின்றேன். அவள் சொன்னது சரிதானே, அந்த வார்த்தைகள் எனக்கு மட்டும்தானே தெரியும்? ஜானிஸ் போனாள். வரிசையில் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். அப்புறம் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவர்கள் போல ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள்.

நான் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் யார்? வேறு வழியில்லாமல் டெரெக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"உண்மையச் சொல்லு. பப்ல குடிச்சிட்டு யார்கிட்டயாவது உளறினியா?"

"பப்ல நான் பேசறது என் புறாவப் பத்தி மட்டும்தான். எல்லாரும் தூங்கிடுவாங்க, உனக்கே தெரியும்."

"அப்ப என் போன எடுத்துக் கேட்டியா?"

"உன் போனா? எனக்கு என் போனையே எடுக்கத் தெரியாது!"

அது உண்மை. இருந்தாலும் ஒரு மாசம் அந்த மனுஷனுக்கு ஒழுங்காகச் சோறு போடவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் வீட்டுச் சுவரைக்கூட நம்பத் தோன்றாது. தூக்கத்தில் நானே உளறிவிட்டேனோ என்றுகூட யோசித்திருக்கிறேன். கடை வியாபாரம் போனதுகூடப் பெரிதில்லை. கிர்ஸ்டி பிறந்தபோது அவளை முதலில் தூக்கியவள் நான். அவள் மனதில் நான் இப்போது என்னவாக இருக்கிறேனோ. கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய வாழ்த்து அட்டை பிரிக்காமலே திரும்பி வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு மத்தியானம், லண்டன் போலீஸிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். ட்ரம்பெட்டைப் பற்றி விசாரிக்கிறோம் என்றாள். மறுபடியும் என்னைத்தான் பிடிக்கப்போகிறார்கள் என்று கரண்டியைக் கீழே வைத்தேன்.

"மிசஸ் பிரியர்லி, உங்க வாய்ஸ்மெயிலுக்கு என்ன ரகசிய நம்பர் வச்சிருக்கீங்க?"

"ரகசிய நம்பரா? பெட்டியப் பிரிச்சோம், சார்ஜ் போட்டோம். அவ்வளவுதான்ம்மா."

"அப்ப கம்பெனி போட்டுக் குடுத்த நாலு பூஜ்யம் அப்படியேதான் இருக்கு. ட்ரம்பெட் ஆளுங்களுக்கு அது போதும். வெளியிலேர்ந்து உங்க நம்பருக்குப் போட்டு, நாலு பூஜ்யத்த அமுக்கி, உங்களுக்கு வந்த மெசேஜ் எல்லாத்தையும் கேட்டிருக்காங்க. கிர்ஸ்டியோட சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம."

பகலில் பின்கதவைப் பூட்டினால் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கும் ஊர் எங்களுடையது. போனுக்கும் பூட்டு உண்டு என்று இங்கே யாருக்குத் தோன்றியிருக்கும்?

"அப்ப... நான் சொல்லல?"

"நீங்க சொல்லல, மிசஸ் பிரியர்லி."

"இன்னொரு தடவ சொல்லும்மா."

"நீங்க சொல்லல. அவங்க திருடினாங்க."

அதே உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்தேன். சிரித்தேனா அழுதேனா தெரியாது. உள்ளே எங்கேயோ இரண்டு வருஷமாக இறுக்கிக் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது. டெரெக்கைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டேன். அவன் புறாத் தீவனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்ப என்ன தப்பு பண்ணிட்டேன்?" என்று கேட்டான். அந்தப் பெண்ணுக்கு மீன், சிப்ஸ் எல்லாம் கட்டிக் கொடுத்தேன். வேலை நேரத்தில் வாங்கக்கூடாது என்று மறுத்தாள். இது லஞ்சம் இல்லை, சாப்பாடு என்று கையில் திணித்தேன். ஜானிஸுக்கும் அன்றைக்கே தகவல் சொல்லிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ஜானிஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"நீயே போய்ப் பாரேன்" என்றான் டெரெக்.

"நான் ஏன் போகணும்? அவளுக்கும் காலு இருக்கு."

அந்த வாரமே விஷயம் வெளியே வந்தது. போரில் செத்த சிப்பாய்களின் அம்மாக்கள், காணாமல்போன பிள்ளைகளின் அப்பாக்கள் என்று யார் யாருடைய போனையெல்லாமோ ட்ரம்பெட் ஒட்டுக்கேட்டிருந்தது. நாடு கொதித்தது. சூப்பர்மார்க்கெட்காரர்கள், கார் கம்பெனிகள் எல்லாம் ட்ரம்பெட்டுக்கு விளம்பரம் தர மாட்டோம் என்று கையை விரித்தார்கள். எங்கள் தெருமுனைப் பேப்பர்க் கடை இம்ரான், சனிக்கிழமையே வேன்காரனிடம் சொல்லிவிட்டான்.

"நாளைக்கு ட்ரம்பெட் கட்ட இறக்காத. இறக்கினா மழையிலயே கிடக்கும்."

இறக்கினான். மழையிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனவர்கள் அந்தக் கட்டைச் சுற்றிக்கொண்டு போனதை நான் ஜன்னல் வழியாக ரொம்ப ஆனந்தமாகப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பிரெண்டா வந்தாள். ஊரில் எது நடந்தாலும் தலைவி அவள்தான். என்னை ஒதுக்கி வைத்ததற்கும் அவள்தான் தலைவி. ஸ்கார்பரோ கூப்பன் ஒரு குறை இல்லாமல் சேர்த்திருந்தவள், அத்தனையையும் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டாளாம். கையில் ஒரு போஸ்டர்.

"இத உன் ஜன்னல்ல ஒட்டணும் லொரெய்ன். 'ட்ரம்பெட் இங்கே நுழையக்கூடாது.'"

"நீயே என் கடைல நுழைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, பிரெண்டா."

முகம் சிவந்தது. "எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்" என்றாள்.

"நெனச்சீங்க. நெனச்சுக்கிட்டே அடுத்த ஞாயிறும் வாங்கினீங்க."

போஸ்டரை வாங்கி ஒட்டினேன். கோபம் இருந்தது, ஆனால் போஸ்டரில் எழுதியிருந்தது நியாயம்தானே.

அந்த வெள்ளிக்கிழமை வரிசை திரும்பி வந்தது. மன்னிப்புக் கேட்பது எங்கள் ஊருக்கு வராது. அதற்குப் பதிலாகப் பெரிய மீனாகக் கேட்டார்கள். ஒரு ஆளுள்ள வீட்டுக்கு மூன்று மீன். ஹாரிகூட வந்து, "என் சிப்ஸ் எனக்கே பிடிக்கல" என்று ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனான். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பொரித்தேன். உள்ளே சந்தோஷம் பொங்கியது, வெளியே காட்டவில்லை.

பொரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது, வரிசையின் கடைசியில், வாசலுக்கு வெளியே தூறலில், ஜானிஸ் நின்றுகொண்டிருந்தாள்.

முன்னால் நின்றவர்கள் அவளுக்கு வழி விட்டார்கள். அவள் தலையாட்டி மறுத்தாள். ஒவ்வொரு அடியாக நகர்ந்து வந்தாள். கொழுப்பு பொரியும் சத்தம் மட்டும். என் கை மாவில் முக்கிய மீனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தது.

கல்லாவுக்கு முன்னால் வந்து நின்றாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. நிறைய நரைத்திருந்தாள்.

"என்ன வேணும்?" என்றேன்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டேன். அதான் இன்னிக்கு எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லணும்னு வந்தேன். நீ பண்ணல."

"அடுப்பு சத்தத்துல கேக்கல."

"நீ பண்ணலடி!" என்று கத்தினாள். தபாலாபீஸ் வரைக்கும் கேட்டிருக்கும். "நாந்தான் முட்டாள். உன் மனசு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் கேட்டேனே!"

கையிலிருந்த மீனைக் கொழுப்பில் போட்டேன்.

"கிர்ஸ்டி?" என்று மட்டும் கேட்டேன்.

"கார்ல இருக்கா. சித்தி முகத்துல முழிக்கறதுக்கு வெக்கமா இருக்குங்கறா."

"அவளுக்கு என்னக்கா வெக்கம்? அவதான பாவம் அடிபட்டா! பின்கதவு எந்நேரமும் தெறந்துதான் கெடக்கு, வரச் சொல்லு. நீயும் ஏன் இங்க நின்னு இடத்த அடைக்கற?"

கல்லாப் பலகையைத் தூக்கிவிட்டேன். ஜானிஸ் உள்ளே வந்தாள். ஆணியில் இரண்டு வருஷமாக யாரும் தொடாமல் தொங்கிய ஏப்ரனை எடுத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு கட்டிக்கொண்டாள். என் தோளில் ஒரு இடி இடித்தாள். நான் திருப்பி இடித்தேன். இனி இந்த ஜென்மத்துக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது.

வரிசையிலிருந்து பிரெண்டா மெதுவாகத் தொண்டையைச் செருமினாள்.

"லொரெய்ன், என் மீனு கருகுது போல இருக்கே. எவ்வளவு நேரம் நிக்கறது?"

"நில்லு பிரெண்டா," என்றேன். "நான் ரெண்டு வருஷம் நின்னேன்."