மெதுவாகக் குறிபார்த்தவள்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ரங்கூன் பான்சோடான் தெரு நடைபாதையில் ஊறுகாய்த் தேயிலை போடும் முறை சொல்லும் பழைய புத்தகம் ஏதாவது கிடைக்குமா என்று குனிந்து கிளறிக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒரு கைலித் துணி மூட்டையைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"இது என்ன?"

"புத்தகம் இல்லக்கா. யாரோ கிறுக்கி வெச்சது. எடுத்துக்கிட்டுப் போங்க, எடத்த அடைக்குது."

வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே ஒரு டைரியும் கொஞ்சம் கடிதங்களும். டைரி மா சான் யீ என்ற பர்மியப் பெண்ணுடையது, ரங்கூன், 1949. கடிதங்கள் அவளுக்கு நோ மூபோ என்ற கரேன் இனப் பெண் இன்செயினிலிருந்து எழுதியவை. பெயருக்கு முன்னால் வரும் மாவும் நோவும் மரியாதைக்கு. அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் அந்த மரியாதையைக் கொடுத்துக்கொண்டதில்லை, நானும் கொடுக்கப்போவதில்லை.

தேயிலைப் புத்தகம் இன்னும் கிடைக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "1949 ஜனவரிக் கடைசியில், ரங்கூனுக்கு ஒன்பது மைல் வடக்கே, தனி நாடு கேட்ட கரேன் படைகள் இன்செயினைப் பிடித்துக்கொண்டபோது, நாடெங்கும்—"

(விட்டுவிட்டேன். பள்ளிப் பாடம் மாதிரி இருக்கிறது. தகவல் மட்டும் உங்களுக்கு வேண்டும், எடுத்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது தொடக்கம்: "போர் தொடங்கியபோது சான் யீக்குப் பால் வற்றியிருந்தது."

இதை வைத்துக்கொள்கிறேன். பிள்ளை பெற்ற மூன்றாம் வாரம் அவளுக்கு நச்சுக் காய்ச்சல். கணவன் கப்பல் கம்பெனி வேலையாக மேல் பர்மாவுக்குப் போனவன், வழி அடைபட்டு அங்கேயே நின்றுவிட்டான். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த மூபோவுக்கு அப்போதுதான் ஆண் பிள்ளை பிறந்திருந்தது. சான் யீ எழுந்து உட்காரும் வரைக்கும் என்று சொல்லி, பெண் குழந்தையைத் தன் பையனோடு சேர்த்துப் பாலூட்ட இன்செயினுக்குத் தூக்கிப் போனாள். சான் யீ எழுந்து உட்கார்ந்தாள். அதற்குள் நடுவில் போர் வந்து உட்கார்ந்துவிட்டது.

கதையில் பெரிய விஷயம் இவ்வளவுதான். ஒன்பது மைலுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, இந்தப் பக்கம் அதன் தாய்.

3

எனக்கு இந்தச் சான் யீயின் மேல் ஒரு சந்தேகம். பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒருத்தி தூங்குவாளா? பக்கத்து வீட்டுக்காரிக்கும் அதே சந்தேகம். டைரியில் இருக்கிறது.

"போயும் போயும் கரேன்காரிகிட்டயா குடுத்த?"

"கரேன்காரிகிட்ட குடுக்கல. மூபோகிட்ட குடுத்தேன்."

"ரெண்டும் ஒண்ணுதானடி."

"ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப குழிக்குள்ள என் மேல படுத்துக்கிட்டவ அவ. நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்கு முறத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம். இதைப் படித்ததும் என் சந்தேகம் போய்விட்டது. இவளை நான் எழுதுவேன்.

4

மூபோவின் முதல் கடிதம், தபால் இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஜனவரியில்:

"உன் பொண்ணு ரெண்டு ஆளு பால குடிக்குது. என் தடிப் பையன், வாடகை குடுக்காத ஆளு வீட்டுக்குள்ள வந்துட்ட மாதிரி மொறைக்கிறான். ராத்திரி ரெண்டும் சேந்து பாடுது. எங்க சர்ச்சுல பாட்டு சொல்லிக் குடுக்கறவரு வந்து கேட்டுட்டு, ஒண்ணுக்குக் கூட சுதி சேரலைன்னுட்டாரு. நீ கஞ்சி குடி. உப்பு போட்டுக் குடி. எலும்பா வந்து நின்னேன்னா பிள்ளைய குடுக்க மாட்டேன்."

என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, "இவளுக்குக் கதையில நெறைய எடம் குடு" என்றார். அவருக்கு இதற்கு முன் என் கதைகளில் யாரையும் பிடித்ததில்லை.

5

பிப்ரவரியில் டைரி சுருங்கிவிடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் இரண்டே சொல்.

"போனேன். வந்தேன்."

"போனேன். வந்தேன்."

எங்கே போனாள்? இன்செயின் சாலையில்தான் போயிருக்க வேண்டும். அந்தப் போருக்கு டவுன் பஸ்ஸில் போய் வரலாம் என்று இந்த ஊர் வயசாளிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் டீக்கடை, அதைத் தாண்டி மணல் மூட்டை, அதைத் தாண்டிப் போர். வேடிக்கை பார்க்கச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டாம். துட்டுக் கொடுத்தால் துப்பாக்கியை வாங்கி அந்தப் பக்கம் ஒரு குண்டு சுட்டுவிட்டு வரலாமாம். எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். தானே சுட்டதாக ஒருவரும் சொன்னதில்லை. அதனால் இது நடந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் இரண்டே சொல் எழுதுகிறவள் ஒருநாள் மட்டும் கூடுதலாக எழுதியிருக்கிறாள்: "வலது தோள் வலி. எண்ணெய் தடவினேன்."

அடுத்து வருவது முழுக்க அந்தத் தோளிலிருந்து நான் எழுதியது. பிடிக்காவிட்டால் ஆறாம் பகுதியை அடித்துவிட்டுப் படியுங்கள், கதை நடக்கும்.

6

அரசாங்கப் பக்கம் நின்ற ஏதோ ஒரு தொண்டர் கூட்டம். துப்பாக்கிக்குக் காவல் துன் ஷ்வே என்ற வாலிபன். பாய் விரித்திருக்கிறான். வரிசையில் அரிசிக்கடை முதலாளி, அவருடைய மச்சான், இரண்டு காலேஜ் பையன்கள். அவர்களுக்கு முன்னால் வெள்ளை ரவிக்கை, பச்சைக் கைலி, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைப் பூச்சோடு ஒரு பெண்.

"அக்கா, நீங்களா சுடப் போறீங்க?"

"ஏன், பொம்பள சுட்டா குண்டு போகாதா?"

"போகும். எங்க போகும்னுதான் தெரியாது."

வரிசை சிரித்தது. சான் யீ கைலியை ஒடுக்கிக்கொண்டு பாயில் குப்புறப் படுத்தாள். துப்பாக்கிக் கட்டையைத் தோளில் வைத்து ஒரு கண்ணை மூடினாள். மூடிக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, அது துப்பாக்கியா ஊசியா?" என்றார் அரிசிக்கடைக்காரர். "நூல் கோக்கிற மாதிரி பாத்துக்கிட்டே கெடக்கீங்க?"

"கண்ணுல தூசி."

"தொடைச்சுக்கிட்டுச் சுடுங்க. பொழுது போகுதுல்ல?"

"துட்டு குடுத்திருக்கேன். நல்லாப் பாத்துத்தான் சுடுவேன்." பிறகு துன் ஷ்வேயிடம், "தம்பி, அங்க தெரியுதே, அது என்ன?"

"தென்ன மரம். பக்கத்துல அவங்க சர்ச்சுக் கூரை."

"அதுக்கு அந்தால?"

"வீடுங்கதான்."

"வீட்டுல ஆளுங்க இருப்பாங்களா?"

துன் ஷ்வே அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தான். குத்துக்காலிட்டு அவள் காதருகே குனிந்தான்.

"யாருக்கா இருக்காங்க அங்க?"

"என் பொண்ணு. பால் குடிக்கிற பொண்ணு."

அவள் துப்பாக்கியை விடவில்லை. அது தன் கையில் இருக்கிற வரைக்கும் வேறு ஒருவர் கையிலும் இல்லை என்பதுதான் அவள் கணக்கு. வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் எரிச்சல்பட்டு வீட்டுக்குப் போகட்டும், சூரியன் இறங்கட்டும், அவள் குறிபார்த்துக்கொண்டே இருப்பாள்.

துன் ஷ்வே கையை நீட்டினான். குழலை ஒரு விரலால் மேலே தூக்கிவிட்டான். அவள் விசையை இழுத்தாள், வானத்தைப் பார்த்து வெடித்தது. கட்டை அவள் தோளில் இடித்தது.

"எவ்வளவு நேரம் பாத்து, காக்காயக் கூட அடிக்கலையே!" என்றார் அரிசிக்கடைக்காரர்.

"துப்பாக்கி சூடாயிடுச்சு," என்றான் துன் ஷ்வே. "இன்னிக்கு அவ்வளவுதான். எல்லாரும் போங்க."

"ஒரு குண்டுலயா?"

"பழைய துப்பாக்கி, முதலாளி. உங்க மூஞ்சியில வெடிச்சா நான் பொறுப்பில்ல."

மறுநாள் அவள் மறுபடி வந்தாள். "இன்னிக்கும் கண்ணுல தூசியாக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவன் பாயை உதறி விரித்தான்.

(நாலு பேர் சுடாததால் போர் நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். மற்ற இடங்களில் நிஜப் பீரங்கி சுட்டுக்கொண்டுதான் இருந்தது. சான் யீக்கும் அது கேட்டது. அவளுடைய கைக்கு எட்டியது அந்த ஒரு துப்பாக்கி.)

7

ஏப்ரல் தொடக்கத்தில் கொஞ்ச நாள் சண்டை நிறுத்தம். டைரி திடீரென்று நீளமாகப் பேசுகிறது. புதுத் துணி தைத்தாள். ஆரஞ்சு வாங்கினாள். மணல் மூட்டை ஓரம் விடிந்ததிலிருந்து நின்றாள். பிள்ளை வரவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் கடிதம் கொண்டுவந்தார்.

"சான் யீ, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு. எறங்கிக்கிட்டுதான் இருக்கு, பயப்படாத. இந்த வெயில்ல தூக்கிக்கிட்டு வர எனக்குத்தான் தைரியம் இல்ல. திட்டு. ஆனா மெதுவாத் திட்டு.

தலைக்கு ஊத்திப் பேரு வெக்கிற நூறாம் நாள் தாண்டிடுச்சு. எங்களுக்கு அந்த வழக்கம் இல்ல, ஆனா உன் பொண்ணுக்கு உன் வழக்கம்தான? அம்மை போடறதுக்கு முந்தியே சீயக்காய வேகவெச்சு தலைக்கு ஊத்தினேன். பொறந்த முடிய எறக்கினேன். எங்க பாஸ்டர் பாத்துக்கிட்டே நின்னாரு, அப்புறம் அவரே சொம்ப எடுத்துக் குடுத்தாரு. பேரு மட்டும் வெக்கல. அது உன் வேல. அதுவரைக்கும் 'ஏய்'னுதான் கூப்பிடறேன். 'ஏய்'னா திரும்பிப் பாக்குது. என் தடியனும் திரும்பிப் பாக்கறான், அவனுக்கு நல்ல பேரு இருந்தும்."

எனக்கு இந்த இடத்தில் அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது? வேறு மதம், வேறு இனம், வெளியே குண்டு விழுகிறது, ஒருத்தி அடுத்தவள் பிள்ளைக்கு அடுத்தவள் சடங்கைச் செய்துவிட்டு, பெயர் வைக்கும் உரிமையை மட்டும் தொடாமல் எடுத்து வைத்திருக்கிறாள்.

அன்றிரவு சான் யீ டைரியில்: "பேர் யோசித்துவிட்டேன். இங்கே எழுத மாட்டேன். அவள் காதில்தான் முதலில் சொல்வேன்."

அதற்குப் பிறகு மறுபடி குண்டுச் சத்தம். தண்ணீர்த் திருவிழா வந்தது, அவள் யார் மேலும் தண்ணீர் ஊற்றவில்லை. போனேன், வந்தேன்.

8

மே மாதம். தபாலில் போகாத ஒரு கடிதம், பென்சிலில்:

"எங்க ஆளுங்க இன்னிக்கோ நாளைக்கோ ஆத்தத் தாண்டறாங்களாம். என் புருஷன் கெளம்புங்கறாரு. அவருகூட போனா உன் பொண்ணும் ஆத்துக்கு அந்தப் பக்கம். போகலைன்னா என் பையனுக்கு அப்பன் அந்தப் பக்கம். ரெண்டு கையில ரெண்டு பிள்ளை. மூட்ட தூக்க மூணாவது கை இல்ல. அதனால"

அவ்வளவுதான். அதனால் என்ன என்பது இல்லை. தாளின் மீதி வெறுமையாக இருக்கிறது.

9

முடிவுகள்.

அ) மூபோ போகவில்லை. கணவனை ஆற்றங்கரை வரை அனுப்பிவிட்டுத் திரும்பி—

ஆ) மூபோ போய்விட்டாள், இரண்டு பிள்ளைகளோடும். பால் குடிக்கிற பிள்ளையை யாரிடம் விடுவாள்? சான் யீ மூபோவின் வெறும் வீட்டில், கொடியில் காயும் சின்னத் துணிகளை—

(இல்லை. எழுதக் கை வரவில்லை.)

"பிள்ளைய குடுத்துடு," என்றார் என் வீட்டுக்காரர். "எத்தன மாசம் அந்தப் பொம்பளைய பஸ்ல அலைய விடுவ?"

"தெரியாததை எப்படி எழுதறது?"

"துப்பாக்கி மட்டும் தெரிஞ்சா எழுதின? அது கெடக்கட்டும், அந்தப் பென்சில் கடுதாசி தபால்ல போகலைல்ல? அப்ப எப்படி இவ டைரியோட ஒரே துணியில வந்துச்சு? நடந்தா வந்துச்சு?"

நான் அதை யோசித்தே இருக்கவில்லை. யாரோ ஒருவர் கையில் அது வந்திருக்கிறது. வெறும் வீட்டில் சான் யீ பொறுக்கியதாகவும் இருக்கலாம். மூபோ நேரில் கொடுத்ததாகவும் இருக்கலாம். பழைய காகிதம் வாங்குகிறவர் இரண்டு வீட்டுக் குப்பையை ஒன்றாகக் கட்டியதாகவும் இருக்கலாம். இந்த மூன்றாவதை அவரிடம் நான் சொல்லவில்லை.

10

டைரியின் கடைசிப் பதிவு மே மாதம், இன்செயின் அரசாங்கப் படையிடம் விழுந்த மறுநாள். "போனேன்" என்று இருக்கிறது. "வந்தேன்" இல்லை. மீதிப் பக்கங்களைப் பூச்சி கூடத் தொடவில்லை.

அந்த "வந்தேன்" என்ற சொல்லை நானே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அவள் கையெழுத்து எனக்கு இப்போது வரும். எழுதவில்லை. ஒன்று மட்டும் செய்கிறேன், அவளைக் கடைசி நிறுத்தம் தாண்டிக் கூட்டிப் போகிறேன்.

பஸ் நின்றுவிடுகிறது. பாய் இல்லை, வரிசை இல்லை. துன் ஷ்வே மணல் மூட்டைமேல் உட்கார்ந்து மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிடுகிறான். அவளைக் கண்டதும் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து நிற்கிறான். "நானும் வரட்டாக்கா?" என்கிறான். "வேணாம், அங்க இருக்கறவ பயந்துடுவா" என்று சொல்லிவிட்டு அவள் நடக்கிறாள். தென்னை மரத்துக்குத் தலை இல்லை. சர்ச்சுக் கூரையில் பாதி இருக்கிறது. அதைத் தாண்டி மூபோவின் வீடு நிற்கிறது, அதை நான் நிற்க வைத்துவிட்டேன். கதவு சும்மா சாத்தியிருக்கிறது. சான் யீ தள்ளுகிறாள். உள்ளே இருட்டு, சீயக்காய் வாசம். எவ்வளவோ திட்டு சேர்த்துவைத்துக்கொண்டு வந்தவள், மிக மெதுவாக, "ஏய்" என்கிறாள்.

இதற்குமேல் உங்கள் பொறுப்பு. யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று நீங்கள் எழுதுங்கள். இரண்டு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம், என் வீட்டுக்காரருக்கு இன்னும் சந்தோஷம். பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை அவள் முதலில் காதில் சொல்ல வேண்டும்.