ஆறு டிகிரி

டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் நகரில், பொடிக் கற்கண்டு போன்ற விட்டமின் பளிங்குகளுக்குப் பொலிமர் மேற்பூச்சுப் போடும் தொழிற்சாலை ஒன்று. அங்கே சலிக்கும் அறையில் தங்கமலர் பதினேழு வருடம் வேலை செய்தாள். பூச்சு உருளையில் உடைந்துபோகிற பளிங்குகளைச் சலித்துப் பிரிக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்பது உடைந்தன.

அதைக் குறைக்கத்தான் பொறியியலாளர் யசிந்தாவை எடுத்தார்கள். அவள் ஒவ்வொரு பளிங்காகச் சோதனைக் கருவியில் வைத்து, எவ்வளவு அழுத்தத்தில் நொறுங்குகிறது என்று அளந்தாள். பளிங்கின் பலம் எந்நாளும் ஒன்றாகவே இருந்தது. உடைவு மட்டும் ஏறி இறங்கியது. இரண்டு மாதமாகியும் காரணம் பிடிபடவில்லை.

ஒரு மதியம் தங்கமலர் பரிசோதனைக்கூட வாசலில் வந்து நின்றாள்.

"பிள்ளை, திங்கட்கிழமையளிலதான் கூட உடையுது. ரெண்டு நாள் ஓடாமல் உருளை குளிர்ந்துபோய் நிக்கும். கல்லைப் பாக்காதேங்கோ, பூச்சைப் பாருங்கோ."

யசிந்தா பூச்சுப் படலத்தை வெவ்வேறு வெப்பநிலைகளில் இழுத்துப் பார்த்தாள். குளிரில் அது வெடித்தது; அந்த வெடிப்புத்தான் உள்ளேயிருந்த பளிங்கையும் பிளந்தது. ஆறு டிகிரி கூட்டியதும் இறப்பர்போல நீண்டது. அதன்பின் உருளையைச் சூடாக்கிவிட்டே ஓட்டினார்கள். நூற்றுக்கு ஒன்றுகூட உடையவில்லை.

முகாமையாளர் நீக்கிலாஸ் அறிக்கையைப் படித்துவிட்டு, சலிக்கும் அறையை மூட முடிவெடுத்தார்.

"தங்கமலரிடம் நீயே சொல்லிவிடு. உங்கள் மொழியில் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்," என்றார் யசிந்தாவிடம்.

தங்கமலர் நன்றாகவே டேனிஷ் பேசுவாள். என்றாலும் யசிந்தா போய்ச் சொன்னாள்.

தங்கமலர் கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்.

"ஐம்பத்தெட்டு வயசில என்னை ஆர் பிள்ளை வேலைக்கு எடுப்பினம்? அந்த அறிக்கையில என்ர பேரையும் போட்டுவிடுங்கோ. வேலை கேக்கிற இடத்தில காட்டலாம்."

"அதில அளந்தவையின்ர பேர்தான் வரும், அக்கா. நீங்கள் ஒண்டும் அளக்கேல்லையே."

அது பொய். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்ல இடமிருந்தது. அங்கே யசிந்தா நீக்கிலாஸின் பெயரைப் போட்டிருந்தாள்.

"ஓம், அளக்கேல்லைத்தான்," என்றாள் தங்கமலர்.

தங்கமலரின் கடைசி வெள்ளிக்கிழமை கன்டீனில் கேக் வைத்தார்கள். நீக்கிலாஸ் சொன்னதால் யசிந்தா பேசினாள்: சோதனைக் கருவி பற்றி, ஆறு டிகிரி பற்றி, தனக்குக் கிடைத்த புதிய பதவி பற்றி. எல்லோரும் கை தட்டினார்கள். தங்கமலரும் தட்டினாள். பிறகு, வழக்கப்படி, போகிறவளிடம் கத்தியைக் கொடுத்தார்கள்.

அவள் முதல் துண்டை வெட்டி யசிந்தாவிடம் நீட்டினாள்.

"சாப்பிடுங்கோ, பிள்ளை."

யசிந்தா வாங்கிச் சாப்பிட்டாள். நல்ல கேக், இன்னொரு துண்டும் எடுத்தாள்.