மாமனார் தூங்கிப்போன மதியம்

மாமனாருக்குத் தூக்கம் வராது. வாலிப வயதிலிருந்து ரொட்டிக்கடை நடத்தியவர். ஊரே குறட்டை விடும் நேரத்தில் எழுந்து மாவு பிசைந்தே காலம் போனது. கடையை விற்றுவிட்டு மகள் வீட்டோடு வந்த பிறகும் உடம்பு பழைய வழக்கத்தை விடவில்லை. ஊர் அடங்கியதும் எழுந்துகொள்வார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார், மூடுவார். சொட்டாத குழாயை இன்னும் கொஞ்சம் இறுக்குவார். கடைசியில் மகளும் மாப்பிள்ளையும் படுத்திருக்கும் அறைக் கதவை ஒற்றை விரலால் தட்டுவார்.

"மாப்பிள்ளை, தூங்கிட்டீங்களா?"

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களில் கிரீஸும் கையுமாக அலைந்துவிட்டு வந்து, அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவர். இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. "இல்ல மாமா, சொல்லுங்க" என்பார்.

"ஒண்ணுமில்ல. தூங்குங்க. தூங்கினா உடம்புக்கு நல்லது."

மாத்திரைக்குக் கேட்கவில்லை. கஷாயத்துக்கும் கேட்கவில்லை. கடைசியில் மருத்துவரே கையை விரித்துவிட்டு, "எங்கயாவது ஆத்தங்கரையில போய் நாலு நாள் இருந்துட்டு வாங்களேன்" என்றார். அவர் சொன்னது நோயாளியை அனுப்பிவைப்பதற்காகத்தான். ஆனால் மகள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் போக்குவரத்துக் காவலர். ஒன்றைத் தீர்மானித்தால் குறுக்கே லாரியே வந்தாலும் நிறுத்திவிட்டுப் போகிறவள். மலைக்குள் ஆற்றோரமாக ஒரு சின்னக் கூடார முகாமைத் தேடிப் பிடித்து இடம் பதிவு செய்துவிட்டாள்.

முகாமை நடத்தியது ஒல்லியான ஒரு அம்மாள். ரப்பர் செருப்பு போட்டிருந்தாள். பேசுவதெல்லாம் குசுகுசுதான்.

"இங்க ஆறு மட்டும்தான் சத்தம் போடலாம். மத்தவங்க யாரும் போடக் கூடாது" என்று மாப்பிள்ளையின் காதோரம் சொன்னாள். "இன்னொரு விஷயம். மதியத்துக்கு மேல, மேல இருக்கிற அணையில தண்ணி திறப்பாங்க. பயப்படற அளவுக்கு வராது. ஆனா சொல்லாம கொள்ளாம ஏறும். கரையில எதையும் வச்சுட்டுப் போகாதீங்க."

அவர்களைத் தவிர அங்கே இன்னும் ஒரே ஒரு கூடாரம். மீன் பிடிக்க வந்த பல் மருத்துவருடையது. கூட ஒரு நாய். அதுகூட அந்த அம்மாளுக்குப் பயந்து, குரைக்க வேண்டிய இடத்தில் வாயை மட்டும் திறந்து மூடியது.

அந்த நிசப்தத்திலும் முதல் ராத்திரி மாமனார் தூங்கவில்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய், கண்ணில் பட்ட கூடாரக் கயிறுகளையெல்லாம் இறுக்கிக் கட்டிவிட்டார். காலையில் பல் மருத்துவர் தம்முடைய கூடாரத்தைத் தொட்டுப் பார்த்தார். மேளம் மாதிரி அதிர்ந்தது. அந்த அம்மாள் வந்து, "உங்க மாமனாரைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்க" என்று ரகசியமாகக் கண்டித்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்புதான் வந்தது. மாமனாரைக் கட்டுப்படுத்தும் வித்தை தெரிந்திருந்தால் அவர் ஏன் மலையேறி வருகிறார்?

மதியம் சாப்பாடு முடிந்தது. முகாமில் வாடகைக்கு எடுத்த காற்று மெத்தையை மாமனார் இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் ஓரத்து மணலில், மர நிழலில் போட்டார். "சும்மா சாயறேன்" என்றார்.

சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. மாப்பிள்ளை ஏதோ பூச்சி என்று நினைத்தார். குறட்டை!

மகள் ஓடி வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் இருவரும் மாமனாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் வாய் திறந்திருந்தது. கைகள் மார்பின் மேல் கிடந்தன. மகளின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

அவள் கண்ணில் மட்டுமல்ல, ஆற்றிலும்தான். மணல் நனைந்தது, மெத்தையின் விளிம்பு ஆடியது, பிறகு மெத்தை எந்த அவசரமும் இல்லாமல் கரையை விட்டுக் கிளம்பியது.

மாப்பிள்ளை பாய்ந்தார். மகள் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடாதீங்க! ரப்பர். இழுத்தா கீச்சுன்னு கத்தும். அப்பா முழிச்சுப்பாரு."

"ஆத்தோட போறாரும்மா!"

"போகட்டும். இடுப்பளவுதானே தண்ணி. நீங்களும் கூடப் போங்க."

"எது வரைக்கும்?"

"அவரா முழிக்கிற வரைக்கும்."

மலையிலிருந்து இறங்கி ஓடி வந்த களைப்பில் ஆறு அந்த இடத்தில் நடந்துதான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பேண்ட்டைச் சுருட்டாமலே இறங்கி மெத்தையின் இடப்பக்கம் நடந்தார். மகள் முன்னால் போய், பாறை வரும் இடங்களில் கையால் மட்டும் வலம், இடம், மெதுவாக, நேராக என்று காட்டிக்கொண்டே போனாள். விசில் கழுத்தில் தொங்கியது. விடுமுறையிலும் அவள் அதைக் கழற்றுவதில்லை. இப்போது பழக்க தோஷத்தில் ஊதிவிடக் கூடாதென்று அதை உடைக்குள் தள்ளிக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் நட்டாற்றில் பல் மருத்துவர் தூண்டிலோடு நின்றிருந்தார். மகள் உள்ளங்கையை நீட்டியதும் தூண்டிலைச் சுருட்டி வழிவிட்டார். நாயைத் தூக்கி இடுக்கிக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமல் அவரும் கூட நடந்தார். மாமனாரின் திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சார், அந்தக் கடைவாய்ப் பல்லைப் பாத்தீங்களா?"

"இல்லையே."

"ஓட்டை விழுந்திருக்கு. என் பையில சாமான் எல்லாம் இருக்கு. இந்த மாதிரி அசையாம வாயைத் திறந்து வச்சிட்டுப் படுக்கிற ஆள் எனக்குக் கிடைச்சதே இல்ல சார். ஒரு அஞ்சே நிமிஷம்..."

முன்னால் போனவள் திரும்பாமலே கையை உயர்த்தினாள். பல் மருத்துவர் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குள் முகாம் அம்மாள் கரையோரம் ஓடி வந்துவிட்டாள். அங்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதுதான் முகாமின் எல்லை. "மெத்தை எல்லையைத் தாண்டக் கூடாது!" என்று மூச்சு வாங்கக் குசுகுசுத்தாள். மெத்தை தாண்டியது. அவள் ஆற்றைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மாமனார் எங்கே போனால் அவளுக்கென்ன? மெத்தையைத் தனியாக விட அவளுக்கு மனசில்லை.

ஊர்வலம் போயிற்று. தண்ணீர் சில்லென்று இருந்தது. மாமனாரின் முகத்தில் இலை நிழல் விழுந்து விழுந்து நகர்ந்தது. நடந்து நடந்து மாப்பிள்ளைக்கு மனசு இளகிவிட்டது. அறிமுகமில்லாதவரிடம் சொன்னால் பாரம் குறையும்போலத் தோன்றியது.

"இவர் தூங்காம என்னையும் தூங்க விட மாட்டாரு டாக்டர்" என்று முணுமுணுத்தார். "வெளிய சொல்லாதீங்க. பழுதுன்னு போர்டு மாட்டிட்டு, லிஃப்டை ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்தி, உள்ளயே படுத்துத் தூங்கிடுவேன். சில நாள் ராத்திரி அவசர வேலைன்னு சொல்லிட்டும் போவேன்."

"உள்ள காத்து வருமா?" என்று அக்கறையாகக் கேட்டார் பல் மருத்துவர்.

வளைவு திரும்பியதும் தாழ்வான ஒரு பாலம். அதன் மேல் பேருந்து ஏறிக்கொண்டிருந்தது. எதிரே மாடு ஒன்று நிற்க, ஓட்டுநரின் கை ஹாரனுக்குப் போனது. ஆற்றின் நடுவில் நின்றபடி மகள் கையைத் தூக்கினாள். சீருடை இல்லை, தொப்பி இல்லை, இடுப்புவரை நனைந்திருந்தாள். ஆனாலும் அந்தக் கைக்கு ஒரு அதிகாரம் இருந்தது. பேருந்து நின்றது. மாடும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ஓட்டுநர் கீழே பார்த்தார். மார்பில் கை கட்டி அசையாமல் படுத்திருக்கும் ஒரு பெரியவர். சுற்றிலும் தலை குனிந்து நடக்கும் நாலு பேர். அவர்களில் அழுது சிவந்த கண்ணோடு ஒரு பெண். ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கண்டக்டர் அம்மா இறங்கி வந்து பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து, தணிந்த குரலில் மாப்பிள்ளையைக் கேட்டாள்.

"எப்பங்க போனாரு?"

மாப்பிள்ளைக்குக் கேள்வி வேறு மாதிரி விழுந்தது. "சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல."

"கஷ்டப்படாம போனாரா?"

"சாயறேன்னாரு. சாஞ்சாரு. அவ்வளவுதான்."

"கொடுத்து வச்ச மனுஷன்" என்றாள் அவள். சொல்லும்போதே குரல் உடைந்து அழுதுவிட்டாள். முகாம் அம்மாள் மேலே பார்த்து, "உஷ்" என்றாள்.

மெத்தை பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்து, கொஞ்ச தூரம் போய், கூழாங்கல் மேட்டில் தட்டி நின்றது. ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், நாயையும் சேர்த்துத்தான். மாமனார் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் பேசினார்.

"மாப்பிள்ளை, லிஃப்டுல தலைக்கு என்ன வச்சுப்பீங்க?"

மகள் மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் சிவப்பு விளக்கெல்லாம் வெறும் அலங்காரம்.

"அப்பா, எப்பப்பா முழிச்சீங்க?"

"கால்ல தண்ணி பட்டதுமே முழிச்சுட்டேம்மா."

"அப்ப கரையிலயேவா? சொல்லக் கூடாதா?"

மாமனார் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எனக்காக எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்கிட்டீங்க. பொசுக்குன்னு எழுந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொருத்தரா வேற சேர்ந்துட்டே இருந்தீங்க. சரி, கொஞ்ச தூரம் போய்ப் பாப்போம்னு விட்டுட்டேன்." பிறகு பல் மருத்துவரிடம், "இந்தப் பல்லைப் பத்தி அப்புறம் பேசலாம், தம்பி" என்றார்.

காற்றைப் பிடுங்கிச் சுருட்டிய மெத்தையோடு அவர்கள் சாலைக்கு ஏறினார்கள். மகள் கணவனோடு பேசவில்லை. நட என்றால் நட, நில் என்றால் நில், எல்லாம் கைதான். கீழே கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பிய அதே பேருந்து வந்தது. கண்டக்டர் அம்மா அவர்களைப் பார்த்ததும் தானே இறங்கி மகளின் தோளைத் தொட்டாள்.

"ஏறும்மா. டிக்கெட்டெல்லாம் வேண்டாம்."

கடைசியாக ஏறிய மாமனாரைப் பார்த்து அவள் திடுக்கிட்டாள். கண்ணாடியையும் கலைந்த தலையையும் மறுபடி பார்த்தாள்.

"நீங்க அவரு கூடப் பொறந்தவரா? அச்சு அசல் அதே ஜாடை."

பேருந்தே காதைத் தீட்டிக்கொண்டது. மாமனார் மகளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். கண்டக்டர் அம்மாவின் அழுது வீங்கிய முகத்தைப் பார்த்த பிறகு அவருக்கு வேறு பதில் வரவில்லை.

"தம்பிதான்" என்றார்.

அவள் தன் சீட்டை அவருக்குக் கொடுத்தாள். "அண்ணன் என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

"ரொட்டிக்கடை. அவரு ரொட்டியைப் பிச்சா ஆவி பறக்கும். இப்ப விக்கிறதெல்லாம் பஞ்சு." மாமனாருக்குச் சூடு பிடித்துவிட்டது. "ஒரு நாள் கடை மூடினதில்ல. ஒருத்தரை ஏமாத்தினதில்ல. என்ன, ராத்திரியில தூங்க மாட்டாரு. மத்தவங்களையும் தூங்க விடமாட்டாரு. மாப்பிள்ளை தங்கமான மனுஷன், பொறுத்துக்கிட்டாரு."

"இனியாவது நல்லா தூங்கட்டும்" என்றாள் கண்டக்டர் அம்மா. பயணிகள் தலையாட்டினார்கள். பிறகு சட்டென்று நினைவு வந்தவளாய் அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "அவரை எங்கங்க?"

பல் மருத்துவர் நாயின் காதை ஆராய்ந்தார். முகாம் அம்மாள் மடியிலிருந்த மெத்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

"ஆத்தோரமா ஒரு இடம் அவருக்குப் பிடிச்சுப் போச்சு" என்றார் மாமனார். "அங்கயே விட்டுட்டோம்."

முகாம் வாசலில் ஓட்டுநர் பேருந்தை அலுங்காமல் நிறுத்தினார். கண்டக்டர் அம்மா மாமனாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடைகொடுத்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

பேருந்து ஒலியெழுப்பாமல் வளைவில் மறைந்தது. மகள் முன்னால் போனாள். மாமனார் நடையைக் குறைத்து மாப்பிள்ளையோடு சேர்ந்துகொண்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி, மனத்தாங்கலோடு சொன்னார்:

"லிஃப்ட் விஷயமெல்லாம் போகட்டும் மாப்பிள்ளை. முன்ன பின்ன தெரியாத பொம்பளை தேம்பித் தேம்பி அழறா. நீங்க பேச்சுக்காவது ரெண்டு சொட்டு விட்டிருக்கலாம்."