சுவருக்கு எந்தப் பக்கம்

…விண்மீன்களை உற்று நோக்குதல், அதுதான் அந்த ஆங்கில வினைச்சொல்லின் வேர், கன்சிடர், அதாவது பரிசீலித்தல், லத்தீனில் சிடுஸ் என்றால் விண்மீனாம், அண்ணாந்து வானத்தை ஆராய்ந்த பிறகே முடிவு சொன்னவர்களின் சொல் அது, அதனால்தான் அதை உச்சரிப்பவர் எவரும் தரையில் நிற்கும் நம்மைப் பார்ப்பதில்லை என்று மேடைதோறும் முழங்கிய ஆங்கில ஆசிரியர் சின்னப்பராஜ், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில் அமர்ந்து, அம்மா இறந்துவிட்டாள் என்று தமக்குள் சொல்லிப் பார்த்தார், ஒன்றும் நிகழவில்லை… மீண்டும் சொன்னார்… பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு போல நெஞ்சு மரத்துக் கிடந்தது. “சார், எங்க போவணும்? இப்படியே குந்திக்கினு இருந்தா டிக்கெட்ட யாரு வாங்குறது?” என்றார் நடத்துநர். திண்டிவனம், அங்கிருந்து ஊர், ஊரில் கோயில், கோயிலுக்குப் பின்னே கல்லறைத் தோட்டம், அதன் நடுவே அந்தச் சுவர். ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை, செத்த பிறகு மட்டும் இரண்டு மண்ணா? சேரிக் கிறிஸ்தவனின் எலும்பு பட்டால் மற்றவனின் உயிர்த்தெழுதல் கெட்டுவிடுமா? தொண்ணூற்று மூன்றில் முதல் மனு, அதன்பின் எத்தனையோ மனுக்கள், எல்லாவற்றுக்கும் கோயிலை நடத்தும் பங்குப் பேரவையின் ஒரே விடை, கன்சிடர் பண்றோம் வாத்தியாரே. இனிச் சுவரைத் தாண்டும் முதல் சவம் என் வீட்டிலிருந்து புறப்படும் என்று சென்ற மாதக் கூட்டத்தில் அறைகூவினார், திடல் அதிர்ந்தது, முன்வரிசையில் இருந்த அம்மா… அவள் கைதட்டினாளா? நினைவில்லை.

விக்கிரவாண்டி தாண்டியதும் தங்கை அமலோற்பவமேரி கைப்பேசியில் அழைத்தாள். “அண்ணே, குழி வெட்டறவங்க நிக்கிறாங்க. சுவத்துக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா? அந்தாண்டன்னா நம்ம பசங்க கடப்பாறையோட ரெடியா கீறாங்க, போலீசும் வந்துக்கினு இருக்குதாம். இந்தாண்டன்னா…” குரல் தணிந்தது. “அப்பா பக்கத்துல எடம் இருக்குது. அம்மாவுக்குன்னுதானே உட்டு வச்சோம்.”

“கன்சிடர் பண்றேன்” என்றார்.

சொன்ன பிறகே அது காதில் விழுந்தது. வெட்கம் வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை.

“இன்னாண்ணே, பேரவைக்காரனாட்டம் பேசுற? மழை கட்டிக்கினு நிக்குது, ஜல்தியா சொல்லு.”

அப்பாவை விட்டு அவளைப் பிரிப்பதா, சுவரை இன்னொரு தலைமுறைக்கு நிற்க விடுவதா… மேடையேறி அவள் உடலுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்தவர், அவளிடம் ஒருமுறையேனும்… “மேரி, அம்மா எதுனா சொல்லிச்சா, எங்க வைக்கணும்னு?”

அவள் ஒப்பாரியை விட்டுத் தள்ளிப் போய்ப் பேசினாள்.

“நீ கேப்பேன்னு பாத்துக்கினே இருந்துச்சுண்ணே.”

பேருந்து கூட்டேரிப்பட்டில் நின்றது, யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே திடலின் கடைசி ஆள்வரை எட்டும் குரல் அவருடையது. வாயைத் திறந்தார். அம்மாவின் குரலில் ஒரு விடையை நினைத்துப் பார்க்க முயன்றார், அவள் எப்படித் தொடங்குவாள் என்பதுகூடத் தமக்குத் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது…