ஐந்தரைக்கும் ஏழுக்கும் ஒரே மேஜை

அந்தக் கப்பலில் இரவுச் சாப்பாட்டை எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். ஐந்தரையிலிருந்து பத்து மணிவரை உங்கள் இஷ்டம் என்று லிஃப்டில், மாடிப்படியில், குளியலறைக் கண்ணாடியில்கூட ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே, எறும்பு கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிற அளவு எழுத்தில் வேறு சிலதும் இருந்தன. முன்பதிவு அவசியம். ஒரு கேபினுக்கு ஒரு பதிவு. ஒரு மேஜைக்கு ஒன்றரை மணி நேரம்.

பெரிய எழுத்தை மூவாயிரம் பயணிகளும் படித்தார்கள். சின்ன எழுத்தைப் படித்தது அப்பாயின்ட்மென்ட் அக்கா ஒருத்திதான்.

அக்கா ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேஜையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவள். ஊரிலிருந்த பல்வலியை எல்லாம் கால் மணி கால் மணியாக நறுக்கி நோட்டில் அடுக்கினவள். வீங்கின கன்னத்தோடு வந்தவர்கள் வைத்த பெயர்தான் அது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் கழன்று விழவில்லை.

அவள் கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டினவர். டிரைவர் என்றால்தான் தெருவில் யாருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருடம் ஒரு காலை வண்டியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்தபடியே சாப்பிட்டவர். தட்டை வைத்துவிட்டு அக்கா தண்ணீர் எடுத்துவரப் போனால், திரும்புவதற்குள் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். சாதாரண நாளில் நான்கு நிமிடம். விருந்து என்றால் ஐந்து.

ஐந்து மாதத்துக்கு முன் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. கை சரியாயிற்று, கால் சரியாயிற்று, தொண்டை மட்டும் பிடிவாதம் பிடித்தது. பட்டாணி அளவு வாயில் வைத்து மெல்ல வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு ஒரு தடவை விழுங்கி, வெறும் வாயோடு இன்னொரு தடவை விழுங்க வேண்டும். தண்ணீரைக்கூட ஒரு பொடி போட்டுக் கூழாக்கித்தான் குடிக்க வேண்டும், இல்லையென்றால் நுரையீரலுக்கு வழி தேடிக்கொண்டு போய்விடும். ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

ஒருநாள் ஹோட்டலில் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இடம் கிடைக்காத ஒரு குடும்பம் அவருக்குப் பின்னால் வந்து நின்றது. அதில் ஒரு பெண்மணி, காலியாகப் போகிற நாற்காலிதானே என்று, அவர் சாய்ந்திருந்த நாற்காலியிலேயே கைப்பையை மாட்டினாள். டிரைவர் பாதியில் எழுந்தார். மறுநாளிலிருந்து படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பாடு. அக்காவுக்குக்கூட அனுமதி கிடையாது.

உள்ளே புரையேறினால் யார் பார்ப்பது? மூன்று வேளையும் அக்கா கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள். சில மாதத்திலேயே அந்த வலது காது அப்பளம்போலத் தட்டையாகிவிட்டது.

கப்பல் பயணம் டிரைவரின் தங்கை, அதாவது அக்காவின் நாத்தனார், போன வருடமே போட்ட திட்டம். நாத்தனார் வேறு ஊரில் தையல்கடை வைத்திருக்கிறவள். அண்ணனுக்குத் தலைசுற்றல் வந்து போயிற்று என்பது வரைதான் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் மூச்சு விடக்கூடாது என்பது டிரைவரின் உத்தரவு. கப்பலிலும் மூன்று நாள் வயிறு சரியில்லை என்று சொல்லி கேபினுக்குள்ளேயே சாப்பிட்டார். அக்கா வெளியே நடைபாதையில், கப்பலின் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

நான்காம் நாள் காலையில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, இன்னிக்கு ஒரு நாள் கீழ வந்து மேஜையில உக்காந்து சாப்பிடுங்க."

"எதுக்கு, எனக்குப் பின்னாடி கப்பலே க்யூல நிக்கறதுக்கா?"

"ஒரு ஈ நிக்காது. நான் பாத்துக்கறேன்."

"சரி, வரேன். நல்லபடியா முடிஞ்சா வீட்லயும் உன்கூட மேஜையிலயே சாப்பிடறேன். ஒரே ஒரு ஆள் வந்து பின்னாடி நின்னா, அதோட முடிஞ்சுது. அப்புறம் ஆயுசுக்கும் என்னைக் கூப்பிடக் கூடாது."

"கூப்பிட மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அக்கா உடனே மனசுக்குள் நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள். ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஏழு மணிக்கு அடுத்த ஆள் வந்து நிற்பான். ஏழு மணிக்கு இவர் மீனின் பாதியில்கூட இருக்க மாட்டார்.

இந்த மாதிரிச் சிக்கலுக்கு அவளிடம் ஒரு பழைய வைத்தியம் இருந்தது. வேர் சிகிச்சை மாதிரி நீண்ட வேலை வந்தால் மருத்துவர் எப்படியும் இழுத்துவிடுவார் என்று, அடுத்த நேரத்தையும் இன்னொரு பெயரில் அவளே நிரப்பிவிடுவாள். வழக்கமாக எழுதினது மாமியாரின் பெயரை. நோட்டின்படி பார்த்தால் அந்த அம்மாளுக்கு நானூற்றுப் பத்து பல் பிடுங்கியாயிற்று. அவரோ கடைசிவரை முப்பத்திரண்டையும் வைத்துக்கொண்டு கொய்யாக்காய் கடித்தார்.

மத்தியானமே உணவுக்கூட வாசலுக்குப் போனாள். முன்பதிவுக்காரர் சின்னத் திரையைத் தட்டிக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட மாதிரி மடிப்புக் கலையாத சிரிப்பு.

"அஞ்சரைக்கு ரெண்டு பேர். சுவரோரமா, தூணுக்குப் பின்னாடி இருக்கே, அந்த மேஜை."

"போட்டாச்சும்மா."

"அதே மேஜை ஏழு மணிக்கும் வேணும். என் நாத்தனாருக்கு. பக்கத்து கேபின்."

"அவங்களுக்கு ஜன்னலோரமா நல்ல மேஜை தரேனே. கடல் தெரியும்."

"கடல் அவளுக்கு ஆகாது. சுவரைப் பாத்தாத்தான் சாப்பாடு இறங்கும்."

முன்பதிவுக்காரர் இப்படி எத்தனையோ பேரைப் பார்த்தவர். தட்டிவிட்டார். ஐந்தரையிலிருந்து எட்டரை வரை, மூன்று முழு மணி நேரம், அந்த மேஜை இப்போது அக்காவுடையது. ஒரு தீவையே விலைக்கு வாங்கினவள்போல நடந்து வந்தாள்.

தீவு நாலரை மணிக்கு மூழ்கியது. டிரைவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, கதவுக்கு அடியில் ஒரு தங்க நிற அட்டை சறுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. 'இன்று ஐந்தரை மணிக்குத் தங்களுக்காக ஒரு மேஜை காத்திருக்கிறது.'

அக்காவுக்கு உள்ளங்கால்வரை வேர்த்தது. நோட்டில் எழுதின பெயர் தானாக எழுந்து வந்து கதவைத் தட்டும் என்று அவள் கண்டாளா? ஒரு மணி நேரம் முன்னதாக அட்டை வருகிறது என்றால், சரியாக ஆறு மணிக்கு நாத்தனாரின் கதவுக்கு அடியிலும் ஒன்று போகும்.

"நாலு நிமிஷம் இருங்க, இதோ வந்துட்டேன்" என்று ஓடினாள். முன்பதிவு மேஜையில் யாரும் இல்லை. ஐந்தரைக்குத்தான் வருவார்கள் என்றது ஒரு பலகை. நாத்தனார் கதவைத் தட்டினாள், பதில் இல்லை. மேல்தளத்துச் சீட்டாட்ட அறைக்கு ஆறு மாடி ஏறினாள், அங்கும் இல்லை. இறங்கி வந்து கேபினில் நுழைந்தபோது அவளுக்கு வாங்கின மூச்சில் கப்பலே ஒரு முழம் முன்னால் போயிருக்கும்.

"எங்க போன?"

"சும்மா, காத்து வாங்க."

ஐந்தரைக்கு முன்பதிவுக்காரர் வந்தார், ஆனால் டிரைவர் அவள் தோளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். அவர் முன்னால் எதைச் சொல்வது? அக்கா கண்ணைக் காட்டினாள், புருவத்தைக் காட்டினாள். முன்பதிவுக்காரர் பதிலுக்குச் சிரித்தார். கண்ணில் தூசி என்று நினைத்திருப்பார்.

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சூப் வந்தது. அக்கா கைப்பையிலிருந்து பொடியை எடுத்துத் தண்ணீரில் கலக்கினாள். டிரைவர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, தாடையைத் தாழ்த்தி, ஒன்று, இரண்டு என விழுங்கினார். நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த ஸ்பூனை எடுத்தார்.

"உப்பு நல்லா இருக்கு" என்றார்.

ஐந்து மாதத்தில் சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை. அக்காவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். மணி ஆறாக ஐந்து நிமிடம் என்பதால் வரவில்லை.

ஆறு மணிக்கு அவள் மனக்கண்ணில் ஒரு அட்டை சறுக்கியது. எழுந்து ஓடிப்போய் அதைப் பொறுக்கிவரலாம், நான்கு தளம்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து அவருக்குப் புரையேறினால்? இவள் கால்கள் இரண்டும் மேஜைக்குக் கீழே ஓடின, உடம்பு மட்டும் நாற்காலியில் இருந்தது.

ஆறரைக்கு மீன் வந்தது. ஆறே முக்காலுக்கு ஒரு துண்டு சரியாக இறங்கவில்லை. டிரைவர் இருமினார். மறுபடி இருமினார், முகம் சிவந்தது. அக்கா அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு தன் மூச்சையும் நிறுத்திவிட்டாள். மூன்றாவது இருமலில் துண்டு வெளியே வந்தது. தூரத்து மேஜையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"போயிடலாமா?" என்றார் டிரைவர்.

"மீன் நல்லாத்தானே இருக்கு."

அவர் முள்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு, பட்டாணியில் பாதி அளவு ஒன்றைக் குத்தி எடுத்தார்.

ஏழு அடித்தது. தூணுக்கு அந்தப் பக்கம் முன்பதிவுக்காரரின் குரல் கேட்டது. "இதோ, இந்த மேஜைதாம்மா."

பட்டுச்சேலை, இரண்டு கையிலும் வளையல், உதட்டில் கொஞ்சம் சாயம், விரலிடுக்கில் தங்க அட்டை. நாத்தனார் வந்து, டிரைவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

டிரைவர் திரும்பவில்லை. பின்னால் ஆள் நிற்பதை முதுகே சொல்லிவிட்டது. முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார், கழுத்தில் செருகியிருந்த துணியை உருவினார். அக்காவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. ஊருக்குத் திரும்பினதும் சாத்தப்போகிற கதவு அதில் தெரிந்தது.

"அண்ணி, என்ன கூத்து இது?" என்றாள் நாத்தனார். "காத்திருக்குதுன்னு அட்டை வருது, யார்னு போடல. கேப்டனே கூப்பிட்டிருக்காரு போலன்னு ஒரு மணி நேரமா சீவிச் சிங்காரிச்சு வரேன். வந்து பாத்தா எங்க அண்ணன்."

முன்பதிவுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவங்க நேரம் முடிஞ்சுதும்மா. இப்ப உங்க நேரம்."

நாத்தனாரின் கண் மேஜையில் ஒரு சுற்று சுற்றியது. கூழாக நின்ற தண்ணீர், பட்டாணி பட்டாணியாக நறுக்கின மீன், ஈரமான கழுத்துத் துணி. துணியைப் பார்த்தே அளவு சொல்கிற தையல்காரி. எல்லாம் தெரிந்துவிட்டது. அக்கா பொடியைக் கைப்பைக்குள் தள்ளினாள்.

டிரைவர்தான் பேசினார். மேஜைத் துணியைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக. "எனக்கு முடியல. ரெண்டு மணி நேரம் ஆகுது. வேணும்னா நீ உக்காரு, நான் எழுந்துக்கறேன்."

"நீ ஏன் எழுந்துக்கணும்? என் மேஜைன்னு இவரே சொல்லிட்டாரு. என் மேஜைக்கு நான் யாரை வேணா கூப்பிடுவேன்." நாத்தனார் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்தாள். "தலைசுத்தல்னு சொன்னீங்கல்ல ரெண்டு பேரும், அதுக்கு அப்புறமா வரேன். எனக்கு இப்பத்தான் பசிக்குது. சூப், ரொட்டி, மீன், உருளைக்கிழங்கு, புட்டிங் ரெண்டு. மெதுவாவே கொண்டுவாங்க."

டிரைவர் கை முள்கரண்டிக்குத் திரும்பவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. அக்காவுக்கு அது ஒரு மழைக்காலம்.

சூப்பை வாயருகே கொண்டுபோன நாத்தனாருக்கு, தன் கடையில் மாப்பிள்ளையின் கோட்டுக்குச் சம்பந்தியை அளவெடுத்துத் தைத்த கதை ஞாபகம் வந்தது. ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. கோட்டு முழங்கால்வரை தொங்கின இடத்தில் சூப் ஆறிவிட்டது. டிரைவர் சிரித்தார், சிரித்தது அடங்கக் காத்திருந்தார், முள்கரண்டியை எடுத்தார். ஒன்று, இரண்டு.

எட்டு மணி ஐந்துக்கு அவர் தட்டு காலி. நாத்தனாரின் தட்டில் மீன் இன்னும் கண் திறந்தபடி கிடந்தது.

எட்டரைக்கு முன்பதிவுக்காரர் அக்காவின் காதருகே குனிந்தார். தட்டையான காதாக இருந்தாலும் நன்றாகக் கேட்டது. "அடுத்தவங்க வந்துட்டாங்கம்மா. ஆறு பேர். இதையும் பக்கத்து மேஜையையும் சேத்துப் போடணும்."

ஆறு பேர் தூணருகே வந்து நின்றார்கள், டிரைவரின் நாற்காலிக்கு இரண்டடி பின்னால். அதில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா பாதி எழுந்துவிட்டாள். அவளுக்கு வேர்வை காதுவழியாகக்கூட வந்தது.

டிரைவர் திரும்பி, அந்த ஆறு பேரையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு தங்கையின் முன்னால் தொடாமல் இருந்த இரண்டு புட்டிங்கைப் பார்த்தார்.

"இவ இன்னும் முடிக்கல" என்றார் முன்பதிவுக்காரரிடம். "இருக்கச் சொல்லுங்க."

ஒரு புட்டிங்கைத் தன் பக்கம் இழுத்து, ஸ்பூன் நுனியால் பட்டாணி அளவு எடுத்தார்.