முதல் சீவல்

அவள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் வந்து, மூலைத் தோட்டத்தை மாப்பிள்ளைக்குக் கொடுத்தாயிற்று என்றான். தன் மகளுடைய கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் அதைத்தான் கேட்டார்களாம். "உனக்கென்ன குறை? சோறு போடாமயா விட்டுடப் போறோம்?" என்று வேறு கேட்டான். அவள் தலை நிமிராமல் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

புருஷன் இன்னொருத்தியோடு போனபின் இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். புகுந்த வீட்டார் மலையேறி, தானாக முளைத்துக் கிடக்கும் பெருங்காயச் செடியில் பால் எடுப்பவர்கள். அங்கிருந்து அவள் கொண்டுவந்தது துணியில் முடிந்த விதை மட்டும்தான். கல்லும் முள்ளுமாய்க் கிடந்த மூலையைக் கொத்தி, குளிர் தொடங்குமுன் விதைத்தாள். காட்டுச் செடி வீட்டு மண்ணில் வராது என்று எல்லோரும் சொன்னார்கள். "வந்துச்சுன்னா அந்த மூலை உனக்குத்தான், தனியா ராணி மாதிரி இரு" என்று அண்ணன் அன்று வாரி வழங்கினான். வராது என்று அவனும் நம்பியதால் வந்த தாராளம் அது.

வந்தது. ஆனால் சும்மா வரவில்லை. வருஷா வருஷம் கோடையில் இலையெல்லாம் காய்ந்து உதிர்ந்துபோகும், வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வெறும் தரைக்குக் காவல் இருக்கிறாள் என்று அண்ணிக்குச் சிரிப்பு. செடி செத்துவிட்டது என்று அண்ணி தானே முடிவு கட்டி, ஒரு கோடை முழுக்க அடுப்புச் சாம்பலை அங்கேயே கொட்டினாள். வேரைத் தின்ன வரும் எலிகளோடு வேறு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இலையின் வாடை கையில் ஏறி, என்ன சோப்புப் போட்டாலும் இறங்க மறுத்தது. அதையே சாக்காக வைத்து அண்ணி அவள் தட்டைத் தனியாக்கினாள், படுக்கையைப் பின்கட்டுக் கொட்டகைக்கு மாற்றினாள். "நாத்தனார்னு சும்மாவா பேரு வெச்சாங்க?" என்று வருகிறவர்களிடமெல்லாம் மூக்கைப் பிடித்துக் காட்டுவாள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள். இல்லாவிட்டால் கொட்டகையும் போய்விடும்.

அண்ணன் மகள் ஒருத்திதான் அந்தக் கையைப் பிடித்துப் பேசுவாள். தன் தட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். தோட்டம் அவளுக்குப் போகிறது என்பதுதான் அத்தையின் வயிற்றை இன்னும் எரித்தது. வாய்விட்டுச் சபிக்கக்கூட முடியவில்லை.

மறுநாள் காலையில் முதல் பால் எடுப்பதைப் பார்க்க மாப்பிள்ளையும் வந்துவிட, வீடே தோட்டத்தில் கூடியது. பூ விடுமுன் தண்டை அறுத்து, வேரின் தலையைச் சீவினால் பால் கசியும். அது இறுகியதும் சுரண்டிக்கொண்டு மறுபடி ஒரு சீவல். வெங்காயத் தோல் கனத்துக்கு மேல் போகாமல் சீவி, வெயில் படாமல் மூடிவைத்தால் ஒரு வேர் மாதக்கணக்கில் கொடுக்கும். ஆழமாக வெட்டினால் அன்றைக்கு மட்டும் பொங்கும், பிறகு அழுகிப்போகும். இதெல்லாம் அந்த வீட்டில் அவள் ஒருத்திக்கே தெரியும்.

"சொல்லிக் குடு. இனிமே அவங்கதானே பாத்துக்கணும்" என்றான் அண்ணன்.

மகள் மண்டியிட்டு, மெல்லியதாக ஒரு சீவல் எடுத்துக் காட்டினாள். "இவ்வளவு போதுமா அத்தை?"

மிகச் சரியான கனம்.

"பத்தாது. இன்னும் ஆழமா."

"வேருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"வளத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

கத்தி இறங்கியது. பால் குபுகுபுவென்று வந்து வேரைச் சுற்றி வழிந்தது. மாப்பிள்ளை வாயைப் பிளந்தார். "என் தங்கச்சி கைராசிக்காரி" என்றான் அண்ணன். அண்ணி மூக்கைப் பிடிக்காமல் அருகிலேயே வந்து நின்றாள். அவர்கள் முகங்களைப் பார்க்க அத்தைக்கு இனித்தது. அந்த இனிப்பிலேயே முதல் வரிசை முடிந்தது.

இரண்டாவது வரிசைக்கு நகரும்போது மகள் அவள் காதருகே குனிந்தாள். "அத்தை, அம்மாகிட்ட மூச்சு விடாத. இந்தத் தோட்டத்த நானே மாமனார் வீட்டுல கேக்கச் சொன்னேன். இல்லன்னா அப்பா வித்துடுவாரு. கல்யாணம் முடிஞ்சதும் உன் பேருக்கே மாத்திடலாம்னு கட்டிக்கப்போறவரும் ஒத்துக்கிட்டாரு."

இன்னும் முக்கால் தோட்டம் மிச்சம் இருந்தது. நிறுத்து என்று ஒரு வார்த்தை போதும். அண்ணன் ஏன் என்று கேட்பான். அண்ணி முதல் வரிசையைத் திரும்பிப் பார்ப்பாள். இந்தப் பெண்ணும் பார்ப்பாள்.

"வேரப் பிடி அத்தை, ஆடுது."

அவள் குனிந்து பிடித்துக்கொண்டாள். மகள் சிரித்த முகத்தோடு, யாரும் சொல்லாமலே இன்னும் கொஞ்சம் ஆழத்தில் கத்தியை வைத்து அழுத்தினாள்.