அப்பா கட்டிவைத்த மூட்டை

வினிகர் வாளிக்குள் கையை விட்டு முதல் கோடாரித் தலையை வெளியே எடுத்தேன். வாரக் கடைசி முழுக்க ஊறியிருந்தது. கம்பி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்ததும் துரு சேறாக வழிந்து, அடியில் சாம்பல் நிற இரும்பு தலைகாட்டியது. துணியால் துடைத்து, பின்வாசல் வெயிலில் சாய்த்துப் பிடித்துக் கோட்டைத் தேடினேன். கோடு இல்லை. அழுக்கு சரியாகப் போகவில்லை போலிருக்கிறது என்று மறுபடி தேய்த்தேன். விரல் முட்டி உரிந்ததுதான் மிச்சம்.

கோடு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கோடாரிகள் எல்லாம் ஒரே கொல்லர் அடித்தவை. உடம்பு மெத்தென்ற இரும்பு. வெட்டுவாயில் மட்டும் நடுவே ஓர் எஃகுத் துண்டைச் சொருகி, காய்ச்சி, அடித்து ஒன்றாக்கியிருப்பார். துரு போய் வினிகர் பட்டால் எஃகு கறுத்துக் காட்டும், இரும்பு வெளுத்துக் காட்டும். இரண்டும் சேர்கிற இடத்தில் நெளிந்து நெளிந்து ஒரு கோடு ஓடும். காம்பு நுழைகிற துளைக்குக் கீழே உளியால் தட்டிய மூன்று புள்ளி வேறு இருக்கும். அந்தக் கொல்லர் செத்துப்போய்க் கனகாலம் ஆகிறது. ஆனால் அவர் கோடாரியை இருட்டில் தடவியே சொல்லிவிடுவேன். இது அவருடையதில்லை.

நான் மரக்கிடங்கில் விறகு பிளக்கிறவள். அப்பாவும் அங்கே அதைத்தான் செய்தார். அம்மா செத்துப்போன வருஷம், எனக்குப் பதினாலு வயது, பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கிடங்குக்குக் கூட்டிப்போய் ஒரு சின்னக் கோடாரியைக் கையில் கொடுத்தார். என் உயரத்துக்கு அளந்து அந்தக் கொல்லரிடம் அடிக்கச் சொன்னது. தம்பி படித்தான். நான் பிளந்த விறகில்தான் படித்தான் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், சொல்லாமல் இருந்தாலும் அதுதான் நிஜம். அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து வேலையை விட்டபிறகும் தன் கோடாரிகளை என்னைத் தொடவிடவில்லை. சாக்கில் போட்டுக் கிடங்குக் கொட்டகையின் மூலையில் வைத்திருந்தார். என் கைக்குச் சின்னதாகிவிட்ட என் கோடாரியும் அந்தச் சாக்குக்குள்தான் போயிற்று. நான் கிடங்கின் கோடாரியால் மாரடித்தேன். இத்தனை வருஷத்தில் 'நல்லாத்தான் பிளக்கிறே' என்று ஒரு வார்த்தை அந்த மனுஷன் வாயிலிருந்து வந்ததில்லை. ஓர் அடி பிசகினால் மட்டும் சாயங்காலம் வரை அர்ச்சனை நடக்கும்.

அப்படிப்பட்டவர்தான் கடைசி நாட்களில் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நிற்கும்போது, மூச்சைச் சேர்த்துச் சேர்த்துச் சொன்னார்: "வீடு தம்பிக்கு. கோடாரி மூட்டை பெரியவளுக்கு." சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாவம்டி நீ, உனக்கு இரும்பா?" என்றாள். எனக்கோ தலைகால் புரியவில்லை. வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். கோடாரியை வேலை தெரிந்தவர் வேலை தெரிந்தவருக்குத்தான் கொடுப்பார். நானும் ஓர் ஆள்தான், தன் வேலைக்கு வாரிசு நான்தான் என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அது மட்டும் போதும் எனக்கு. தம்பிக்குத் தேவைப்படும்வரை அந்த வீட்டிலேயே நான் இருந்துகொள்ளலாம் என்று அவன் பெருந்தன்மையாகச் சொன்னபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை என்றால் பாருங்கள்.

சாக்கு அவர் கையால் போட்ட முடிச்சோடுதான் என்னிடம் வந்தது. உள்ளே துருப்பிடித்த ஆறு தலைகள், காம்பு ஒன்றிலும் இல்லை. காம்பு உளுத்துப் போயிருக்கும், கழற்றி எறிந்திருப்பார் என்று நினைத்தேன். நல்ல கட்டையாகப் பார்த்து வாங்கி, செதுக்கி, ஆப்பு அடித்து, எண்ணெய் ஊட்டி, ஒவ்வொன்றாக உயிர் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆறையும் தேய்த்து முடித்தேன். ஒன்றில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. இன்னொன்றின் முதுகில் அச்சில் வார்த்த தழும்பு. ஒன்றிலும் கோடு இல்லை, புள்ளி இல்லை, சின்னக் கோடாரி இல்லவே இல்லை. எல்லாம் பழைய இரும்புக்கடையில் கிலோக் கணக்கில் அள்ளுகிற சரக்கு. வாளியை எட்டி உதைத்தேன். வினிகர் வாசலெல்லாம் ஓடி, வீடே ஊறுகாய் ஜாடி மாதிரி நாறியது.

யாரோ மாற்றிவிட்டார்கள். சந்தேகமே இல்லை. கொட்டகைச் சாவி யாரிடம் இருந்தது? சுருட்டிடம். சுருட்டு பிடிப்பதை விட்டுப் பல வருஷம் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் அவரை விடவில்லை. அப்பாவோடு வேலை செய்தவர், இப்போது கிடங்குக்குக் காவல். மறுநாள் காலையில் போய் அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கூட வேலை செய்தவன் பொருளில் கை வைக்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது, அதை விற்றுத் தின்ற சோறு செரித்ததா, இன்னும் என்னென்னவோ. லாரிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கும்வரை நான் நிறுத்தவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடியல. கோடாரி எங்க?"

"உங்கப்பாதாம்மா எடுத்துக்கிட்டுப் போனாரு. போன வருஷம். நீ லோடு எறக்கப் போயிருந்த அன்னைக்கு. தம்பி வண்டி வந்துச்சு, ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு."

"அப்ப இந்தச் சாக்குல இருக்கிறது?"

சுருட்டு என்னைப் பார்க்காமல் கிளாஸைப் பார்த்தார். "அதையும் அவர்தான் கொண்டுவந்து வெச்சாரு. பெரியவ தூக்கிப் பாத்தா கனம் சரியா இருக்கணும்னு சொன்னாரு. நான் வேணாம்னேன். கேக்கல."

அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருப்பேன். போன வருஷம் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அப்பா தம்பி வீட்டுக்குப் போய்ப் பத்துப் பதினைந்து நாள் தங்கியது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தபோது விரல்களில் கரி படிந்திருந்தது. என்னவென்று கேட்டேன். வயசானா கையெல்லாம் கறுக்கும் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வெந்நீர் வைக்கப் போனேன்.

தம்பி வீட்டுக்கு நான் அதிகம் போகிறவள் இல்லை. செருப்பை எங்கே விடுவது என்பதிலேயே அங்கே பாதி மரியாதை போய்விடும். அன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். கதவைத் திறந்தவள் தம்பி பெண்டாட்டி. நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. "வாங்க அண்ணி, எங்கப்பாகூட வந்திருக்காரு, குளிச்சிட்டு வருவாரு" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். ஹாலில் சோபாவுக்கு மேலே, சுவர் நிறைய, அப்பாவின் கோடாரிகள் தொங்கின.

ஒவ்வொன்றின் மேலேயும் ஒரு குட்டி விளக்கு. தேன் நிறத்தில் புதுக் காம்பு, பளபளவென்று வார்னிஷ். மரம் சாய்க்கிற அகலவாய், விறகு முண்டு பிளக்கிற தடியன், கிளை கழிக்கிறது, எல்லாம் இருந்தது. இரும்பிலும் பூசிய வார்னிஷுக்கு அடியில் நெளிகோடு தெரிந்தது, மூன்று புள்ளி தெரிந்தது. அதைவிட வேறொன்று தெரிந்தது. வெட்டுவாய் நெடுக நீலம். நீலத்தை ஒட்டி ஊதா, அதற்கு மேல் வைக்கோல் மஞ்சள்.

"அந்தக் கலர் நல்லா இருக்கில்ல அண்ணி? பாலிஷ் போட்டு எடுத்துடாதீங்க, அப்படியே இருக்கட்டும்னு நான்தான் சொன்னேன்" என்றாள் அவள்.

அந்த நீலம் என்னவென்று கிடங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காம்பு ஒடிந்து துண்டு துளைக்குள் மாட்டிக்கொண்டால் மெனக்கெட்டுத் துளைபோட்டுத் தட்டி எடுக்க வேண்டும். சோம்பேறிகள் தலையைத் தூக்கி நெருப்பில் போட்டுவிடுவார்கள். கட்டை எரிந்து தானாக உதிரும். கூடவே எஃகின் பதமும் போய்விடும். அப்புறம் அது கோடாரி இல்லை, கோடாரி மாதிரி ஒரு பொருள். நாலு போடு போட்டால் வாய் மடங்கும். ஒருமுறை வேலையாள் ஒருவர் நெருப்பில் போட்டதற்கு அப்பா அவர் சட்டையைப் பிடித்துக் கிடங்கை விட்டே வெளியே தள்ளினார். பெற்ற பிள்ளையை அடுப்பில் போடுவியா என்று கேட்டார்.

அவள் டீ போடப் போனதும் தம்பி வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

"ஏண்டா, நெருப்புல போட்டியா?"

"நான் இல்லக்கா. எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அப்பாதான். பின்னால அடுப்பு மூட்டி, பழைய காம்பையெல்லாம் எரிச்சு எடுத்தார்."

"அப்பாவா?"

"நான்கூட கேட்டேன், இப்படிப் பண்ணலாமான்னு. இனிமே இதை வெச்சு யாரு வெட்டப் போறாங்கன்னார்."

நான் சோபாவில் உட்கார்ந்தேன். அது என்னை இடுப்புவரை உள்ளே வாங்கிக்கொண்டது. யாரு வெட்டப் போறாங்க. நாள் தவறாமல் காலையில் சோறு கட்டிக்கொண்டு எங்கே போகிறேன் என்று அந்த ஆளுக்குத் தெரியாதா?

வரிசையின் கடைசியில் என் சின்னக் கோடாரி இருந்தது. அதற்கும் நீல வாய்தான். கீழே வெள்ளை அட்டையில் அழகான எழுத்தில் 'அப்பாவின் முதல் கோடாரி' என்று எழுதியிருந்தது. நான் அதைப் படிப்பதைத் தம்பி பார்த்துவிட்டான்.

"அப்பாவே சொன்னதுக்கா. எழுதும்போது பக்கத்துலதான் இருந்தார்."

"அது யாரோடதுன்னு உனக்குத் தெரியாது?"

அவன் அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பொண்ணு பாக்கப் போனப்பவே அப்பா சொல்லிட்டார்க்கா. நீ மர டிப்போல கணக்கு எழுதுறேன்னு. பொம்பளப் புள்ளைய விறகு பொளக்க விட்டவன்னு நாளைக்கு ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னு. அப்புறம் மாத்த முடியல. நீ ஒண்ணும் சொல்லிடாதக்கா."

தம்பி கல்யாணத்தன்று அப்பா நிமிஷத்துக்கு ஒருதரம் என்னிடம் வந்து, குளிருது, கையை முந்தானைக்குள்ள வெச்சுக்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மண்டபத்தில் எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். அக்கறை என்று நினைத்து நாள் முழுக்கக் கையைப் பொத்தி வைத்திருந்தேன். அவர் என்னைத் தன் வேலைக்கு வாரிசாக வைத்துவிட்டுப் போகவில்லை. என்னை வேலையிலிருந்தே அழித்துவிட்டுப் போயிருக்கிறார். நான் தேடிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று கனம் பார்த்து ஒரு மூட்டையும் கட்டிவைத்திருக்கிறார். வெட்கப்பட்டிருந்தால் என்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். தப்பு பண்ணிட்டேன்மா என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்வதைவிட நல்ல எஃகை நெருப்பில் போடுவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

டீ வந்தது. பின்னாலேயே தம்பியின் மாமனார் பவுடர் வாசனையோடு வந்தார். சிரித்த முகம், தெரிந்ததையெல்லாம் பிறருக்குச் சொல்லித்தருகிற ஆர்வம்.

"கணக்கு வேலையெல்லாம் எப்படிம்மா போவுது? கம்ப்யூட்டர் வந்துடுச்சா?"

"போகுது மாமா" என்றேன். தம்பி மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"உங்கப்பா பெரிய ஆளும்மா. இதையெல்லாம் பாக்கும்போது மெய்சிலிர்க்குது. நீ இதெல்லாம் கையில தூக்கிப் பாத்திருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே எம்பி, கடைசிக் கொக்கியிலிருந்து சின்னக் கோடாரியை எடுத்தார். கரண்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தார். "இந்தா, புடிச்சுப் பாரு. பயப்படாத. ரெண்டு கையாலயும் புடிக்கணும். கால்ல போட்டுக்காத."

"அவங்களுக்கு எதுக்குப்பா அது?" என்று அவர் மகள் சிரித்தாள்.

தம்பி எழுந்துவிட்டான். "மாமா, டீ ஆறுது." அவன் கண் என்னைக் கெஞ்சியது. டீ தட்டை வாங்குகிற மாதிரி அதை வாங்கி, ஐயோ கனமா இருக்கே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட என்னால் முடியும். ஒரு நிமிஷ வேலை. அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சோபாவிலிருந்து எழுந்து கையை நீட்டினேன்.

காம்பு நீளம் அதிகம். வார்னிஷ் வழுக்கியது. அது உள்ளங்கையில் பட்டதும் என் இடது கை அடிநுனிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. வலது கை மேலேறித் தலைக்குக் கீழே பிடித்தது. கால்கள் கம்பளத்தின் மேல் அகன்று ஊன்றின. தோள் இறங்கியது, இடுப்பு திரும்பியது, கண் தானாக எதிரே ஒரு முண்டைத் தேடி டீப்பாயின் நடுவில் போய் நின்றது. தலைக்கு மேல் கோடாரி எழும்போது வலது கை காம்பில் கீழ்நோக்கி வழுக்கத் தொடங்கியிருந்தது. நான் எதையும் செய்யவில்லை. அதுவாக நடந்தது.

தம்பி தரையைப் பார்த்தான். அவன் பெண்டாட்டி என் முகத்தைப் பார்க்கவில்லை, முதன்முறையாக என் கைகளைப் பார்த்தாள். மாமனார் சிரிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டு, டீ கப்போடு மெல்ல இரண்டடி பின்னுக்கு நகர்ந்து, வேலை நடக்கிற இடத்தில் நிற்கிற மாதிரி எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.